எத்தனை மேடை, எத்தனை கதை?

கேள்வி: சர்வதேச புக்கர் பரிசு வாங்கியதிலிருந்து கன்னட எழுத்தாளர் பானு முஷ்டாக் ஊர் ஊராக மேடை ஏறுகிறார். மைசூர் தசராவையும் துவக்கி வைத்தாயிற்று. சிறுகதை எழுதுகிறவருக்கு எதற்கு இத்தனை விழா? உட்கார்ந்து எழுத வேண்டாமா?
– ஒரு வாசகர், ஓசூர்

பதில்: உட்கார்ந்து எழுதிக்கொண்டுதான் இருந்தார். பரிசு வாங்கிய 'ஹார்ட் லேம்ப்' தொகுப்பிலுள்ள 12 கதைகளும் 1990 முதல் 2023 வரை எழுதியவை. கன்னடத்தில் 1999லேயே அவருக்கு மாநில சாகித்ய அகாடமி பரிசு கொடுத்துவிட்டார்கள். அவருடைய கதையைத்தான் கிரீஷ் காசரவள்ளி 'ஹசீனா' என்று 2004ல் படமாக்கினார். ஓசூரிலிருந்து அவருடைய ஹாசன் ஒன்றும் கடல் தாண்டி இல்லை. இத்தனை வருடத்தில் அவர் பெயர் உங்கள் காதில் விழுந்ததா? என் காதில் விழவில்லை, ஒப்புக்கொள்கிறேன். 2025 மே மாதம் லண்டனில் அறிவித்த பிறகுதான் நான் புத்தகத்தைத் தேடினேன். சிறுகதைத் தொகுப்பு ஒன்றுக்கு அந்தப் பரிசு கிடைத்தது அதுதான் முதல் முறை. 50,000 பவுண்டில் பாதி, மொழிபெயர்த்த தீபா பாஸ்திக்கு.

அப்புறம், மேடை என்றாலே சால்வையும் சந்தன மாலையும் என்று நினைக்கிறீர்கள். பெண்கள் மசூதிக்குள் தொழ உரிமை வேண்டும் என்று 2000ல் அவர் வெளிப்படையாகப் பேசினார். பதிலுக்குக் கிடைத்தது மிரட்டல் போன்களும் மூன்று மாதச் சமூக விலக்கும். கத்தியோடு வந்த ஒருவனைக் கணவர் மடக்கிப் பிடித்திருக்கிறார். தசராவுக்கு அவரைக் கூப்பிடக் கூடாது என்று உச்ச நீதிமன்றம் வரை போனார்கள். மனு தள்ளுபடியான பிறகுதான் 2025 செப்டம்பர் 22 அன்று சாமுண்டி மலையில் விழாவைத் துவக்கினார். இதைப் போய் விளம்பர ஆசை என்று எப்படிச் சொல்வது? வக்கீல் அவர். வாய் திறப்பது அவருக்குப் புதிதில்லை.

உங்கள் கோபத்தில் ஒரு நியாயம் இருக்கிறது, ஆனால் அது போக வேண்டிய முகவரி வேறு. போன வருடம் சென்னையில் ஒரு சிறுகதைத் தொகுப்பின் வெளியீட்டு விழாவுக்குப் போயிருந்தேன். மேடையில் பதினான்கு பேர், கீழே அதைவிடக் கொஞ்சம் அதிகம். வாழ்த்திப் பேசியவர்களில் ஒருவர் கடைசிவரை அதை 'நாவல்' என்றே சொன்னார். யாரும் திருத்தவில்லை, எழுதியவர் உட்பட. ஏற்புரைக்கு அவர் எழுந்தபோது மணி ஒன்பதே கால்; மைக் செட்காரர் வயரைச் சுருட்ட ஆரம்பித்துவிட்டார். மேடையில் விழுந்த பொன்னாடை பத்தொன்பது. வாசலில் போட்டிருந்த மேஜையில் விற்ற புத்தகம் மூன்று. அதில் ஒன்று நான் வாங்கியது, கழிவு போக 180 ரூபாய். இந்த மாதிரி மேடையைத்தான் நீங்கள் திட்ட வேண்டும். எழுதியவர் அங்கே பாவம், மாப்பிள்ளை மாதிரி உட்கார்ந்திருந்தார்.

நம்மிடம் மேடையே ஏறாதவர்களும் உண்டு. 'அன்பளிப்பு' தொகுப்புக்காக கு. அழகிரிசாமிக்கு 1970ஆம் ஆண்டுக்கான சாகித்ய அகாடமி விருது அறிவித்தபோது அவர் உயிரோடு இல்லை. 1987ல் ஆதவனுக்கும் அதே கதைதான். உங்கள் கணக்குப்படி இரண்டு பேரும் விழாவுக்கு ஒரு நாளைக்கூட வீணாக்கவில்லை!

சரி, 'ஹார்ட் லேம்ப்' தலைப்புக் கதைக்கு வருகிறேன். கைக்குழந்தையோடு பிறந்த வீட்டுக்கு வந்து நிற்கும் மெஹ்ருனை அண்ணன்மாரே திரும்பக் கொண்டுபோய் விட்டுவிடுகிறார்கள். மண்ணெண்ணெயோடு அவள் வாசலுக்கு வரும்போது, மூத்த மகள் சல்மா குழந்தையைத் தூக்கிக்கொண்டு ஓடி வருகிறாள். அந்தப் பக்கத்தைப் படித்த அன்று எனக்கு வேறு வேலை ஓடவில்லை. உங்கள் கடிதத்தில் 'மேடை' பதினொரு முறை வருகிறது, மெஹ்ருன் ஒரு முறைகூட வரவில்லை. படித்துவிட்டு இன்னொரு கடிதம் போடுங்கள்; திட்டித்தான் எழுதுவீர்கள் என்றாலும் முழுப் பக்கம் தருகிறேன்.