மரப்பேனாவில் பூசிய சூப்பர் குளூ ஏன் வெண்மையாக மங்குகிறது?

பசை மேற்பூச்சு என்பது, கடைசல் இயந்திரத்தில் சுழலும் மரத்தின் மேல் சயனோஅக்ரிலேட் பசையை, அதாவது சூப்பர் குளூவை, மெல்லிய அடுக்குகளாகப் பூசிக் கண்ணாடிபோல் மெருகேற்றுவதாகும். இப்பசை காற்றிலும் மரத்திலும் உள்ள ஈரத்தைத் தொட்டதும் இறுகுகிறது. தடிமனாகப் பூசினால், சேற்றின் மேற்பரப்பு காய்ந்தும் அடியில் குழைந்திருப்பதுபோல, மேலே தோல் கட்டி உள்ளே திரவம் தங்கிவிடும். அதன்மேல், பசையை விரைந்து இறுகவைக்கும் திரவமான விரைவூக்கியைத் தாராளமாகத் தெளித்தால் வினை வேகமெடுத்து, வெப்பத்தில் நுண்குமிழிகள் உண்டாகி, பூச்சு பால்போல் வெளுக்கும். பெரும்பாலான மங்கலுக்கு, என் கணிப்பில், அவசரமே காரணம்.

நுண்ணிய உப்புத்தாளால் தேய்த்துப் பாருங்கள். வெண்மை அகன்றால் குறை மேற்பரப்பில் மட்டுமே உள்ளது. அகலாவிட்டால் அந்த இடத்தை மரம்வரை தேய்த்தெடுத்து மீண்டும் பூச வேண்டும். முனைகளில் மட்டும் வெளுத்திருந்தால், நீர் தொட்டுத் தேய்த்தபோது பூச்சுக்கு அடியில் ஈரம் புகுந்திருக்கலாம் (முனைகளையும் பசையால் அடைத்துவிடுவது நல்லது).

இப்பசை பெயின்ட்போல் உலர்ந்து இறுகுகிறது என்று பலர் எண்ணுவது தவறு. மிக வறண்ட காற்றில் அது இறுகக் கூடுதல் நேரமே ஆகும்.