புதுக் காருக்கு ஷோரூமில் 7% வட்டியில் கடன் தருகிறார்கள், வங்கியில் 9%. எதை எடுப்பது? விலையில் எங்கே பேரம் பேசலாம்?

முதலில் அந்த 7% ஃப்ளாட் வட்டியா (கடைசி வரை முழுக் கடனுக்கும் போடுவது), குறையும் நிலுவைக்கான வட்டியா (மீதமுள்ள அசலுக்கு மட்டும் போடுவது) என்று கேளுங்கள். பலரும் ஏமாறுவது இங்கேதான். 8 லட்சம் ரூபாய், 5 வருடம், 7% ஃப்ளாட் என்றால் மாதத் தவணை 18,000. நீங்கள் அசலைக் கட்டிக் குறைத்துக்கொண்டே வந்தாலும் வட்டி முழு 8 லட்சத்துக்கும் ஓடும். குறையும் நிலுவைக் கணக்கில் அது ஏறத்தாழ 12.5%. அதே கடன் வங்கியில் 9% குறையும் நிலுவைக்குக் கிடைத்தால் தவணை சுமார் 16,600 தான். மொத்தத்தில் 80,000 ரூபாய்க்கு மேல் மிச்சம். அதனால் வங்கியின் ஒப்புதல் கடிதத்தோடு ஷோரூமுக்குப் போங்கள். அவர்களும் இறங்கி வர வாய்ப்புண்டு.

அப்புறம் விலை. தவணை எவ்வளவு என்பதில் பேச்சைத் தொடங்கவே வேண்டாம்; ஆன்ரோடு விலையை, அதாவது சாலை வரி, இன்சூரன்ஸ் எல்லாம் சேர்ந்த மொத்த விலையை, ஒவ்வொன்றாகப் பிரித்து எழுதி வாங்குங்கள். சாலை வரியில் பேரம் கிடையாது. இன்சூரன்ஸில் நிறையவே உண்டு: டீலர் சொல்லும் நிறுவனத்தில்தான் எடுக்க வேண்டும் என்று கட்டாயமில்லை, வெளியே ஒரு கொட்டேஷன் வாங்கிக் காட்டுங்கள். ஹேண்ட்லிங் சார்ஜ் டீலர் தானாகச் சேர்க்கும் கட்டணம், அரசுக்குப் போகும் பணமல்ல, எடுத்துவிடச் சொல்லுங்கள். சீட் கவர், மேட் எல்லாம் இலவசம் என்றால், சரி, அதற்குப் பதில் ரொக்கத் தள்ளுபடி கேளுங்கள்.

காரின் விலை 10 லட்சத்தைத் தாண்டினால் 1% டிசிஎஸ் (விற்பவர் நம்மிடம் வசூலித்து அரசுக்குக் கட்டும் வருமான வரி முன்பணம்) பிடிப்பார்கள். வருமான வரிக் கணக்கில் அதைக் கழித்துக்கொள்ளலாம், ரசீதைப் பத்திரமாக வையுங்கள்.