முயல் என்று சொல்லிப் பூனையைக் கொடுத்தால்: ஸ்பானிய மரபுத்தொடர்களைப் புரிந்துகொள்வது எப்படி?

கேள்வி: மெக்சிகோ வாடிக்கையாளர்களின் புகார்களைத் தொலைபேசியில் ஸ்பானிய மொழியில் கேட்டுப் பதிவு செய்யும் வேலையில் அண்மையில் சேர்ந்தேன். இலக்கணத்தில் சிரமம் இல்லை. ஆனால் பேச்சின் நடுவே பூனை, முடி, நகம் என்று ஏதேதோ வருகின்றன. சொல்லுக்குச் சொல் பொருள் பார்த்தால் தலையும் புரியவில்லை, வாலும் புரியவில்லை. ஒவ்வொன்றுக்கும் இணையான தமிழ்ப் பழமொழியை மனப்பாடம் செய்துகொண்டால் போதுமா?

பதில்: போதாது. இணையான தமிழ்த் தொடர் சில இடங்களில் உதவும். சில இடங்களில் நேர் எதிரான பொருளுக்கு இழுத்துச் சென்றுவிடும்.

'நோ தெனெர் பெலோஸ் என் லா லெங்குவா' என்பதைப் பாருங்கள். நேர்ப்பொருள், நாக்கில் முடி இல்லாதிருத்தல். இதைக் கேட்டதும் 'நரம்பில்லாத நாக்கு' என்ற நம் வழக்குதான் நினைவுக்கு வரும். ஆனால் நாம் அதைக் கூசாமல் பழி பேசுபவரைக் கண்டிக்கச் சொல்கிறோம். ஸ்பானியர்களோ மனத்தில் பட்டதை ஒளிவுமறைவின்றிச் சொல்பவரைக் குறிக்கிறார்கள். அது பெரும்பாலும் பாராட்டாகவே அமையும். ஒரு வாடிக்கையாளர் தன்னைப் பற்றியே இப்படிச் சொன்னால், அடுத்து வரவிருப்பது பூசிமெழுகாத புகார் என்று எடுத்துக்கொள்ளுங்கள்.

முடி வரும் இன்னொரு தொடர் உங்கள் வேலைக்கு இன்னும் முக்கியமானது. 'மே எஸ்தான் தொமாந்தோ எல் பெலோ' என்றால் 'என் முடியைப் பிடிக்கிறார்கள்' என்பது போல ஒலிக்கும். பொருளோ, நாம் 'காதில் பூச்சுற்றுவது' என்கிறோமே, அதேதான். நண்பர்களுக்கிடையே இது வெறும் கேலி. ஆனால் நான்கு முறை அழைத்து நான்கு வெவ்வேறு பதில்களைப் பெற்ற ஒருவர் 'எஸ்தான்' என்று பன்மையில் சொல்லும்போது, அவர் சாடுவது உங்களை மட்டுமன்று, நிறுவனம் முழுவதையும்தான்; அங்கே சிரித்துவிடக் கூடாது.

பூனைத் தொடர் 'தார் காத்தோ போர் லியெப்ரே', அதாவது முயலுக்குப் பதிலாகப் பூனையைக் கொடுப்பது. தோலை உரித்துத் தலையையும் நீக்கிவிட்டால் இரண்டையும் பிரித்தறிவது கடினம் என்பதால், பழைய ஸ்பெயினின் வழிப்போக்கர் விடுதிகளில் முயல்கறி என்று பரிமாறப்பட்டதன் மீது எழுந்த ஐயமே இத்தொடருக்குப் பின்னணியாகச் சொல்லப்படுகிறது. 'மே தியெரோன் காத்தோ போர் லியெப்ரே' என்று ஒருவர் சொன்னால், பொருள் உடைந்துவிட்டது என்றோ தாமதமாக வந்தது என்றோ பதிவு செய்யாதீர்கள். சொன்ன பொருள் ஒன்று, வந்த பொருள் வேறொன்று என்பதே புகார்.

நகம் வரும் தொடரில் மட்டும் உங்கள் திட்டம் பலிக்கும். 'உன்யா இ கார்னே' என்பது நம் 'நகமும் சதையும்' என்பதேதான். மெக்சிகோவில் இது 'உன்யா இ முக்ரே', அதாவது நகமும் அழுக்கும், என்றும் வழங்குகிறது. கேட்பதற்கு ஒரு மாதிரி இருந்தாலும் குறிப்பது அதே நெருக்கத்தைத்தான், இழிவை அன்று.

பழமொழிகளில் சிக்கல் வேறு வகையானது. நாம் 'ஆடத் தெரியாதவள்…' என்று பாதியில் நிறுத்திக்கொள்வதுபோல அவர்களும் முன்பாதியோடு நிறுத்திவிடுவார்கள். 'கமரோன் கே சே துவெர்மே…' என்று ஒருவர் இழுத்தால், 'சே லோ யேவா லா கொர்ரியெந்தே' என்ற மீதியை நீங்கள்தான் நிரப்பிக்கொள்ள வேண்டும்: தூங்கும் இறாலை நீரோட்டம் அடித்துக்கொண்டு போய்விடும், அசந்தால் வாய்ப்புப் போய்விடும் என்பது பொருள். எனவே பழமொழியை இரண்டு பாதிகளாக எழுதிவைத்து, முன்பாதியைக் கேட்டதும் பின்பாதி நினைவுக்கு வரும்படி பழகுங்கள்.

தமிழருக்கு எளிதில் பிடிபடும் ஒன்றும் உண்டு. 'என் மார்தெஸ், நி தே காசெஸ் நி தே எம்பார்கெஸ்', அதாவது செவ்வாய்க்கிழமை திருமணமும் வேண்டாம், கப்பல் பயணமும் வேண்டாம். 'மார்தெஸ்' என்ற கிழமைப் பெயரும் செவ்வாய்க் கோளின் பெயரிலிருந்து வந்ததே. 13ஆம் தேதி வெள்ளியன்று அன்றி, செவ்வாயன்று வந்தால்தான் ஸ்பானிய உலகில் ஆகாத நாள்.

அகராதியில் தேடும்போது தொடரின் முதல் பெயர்ச்சொல்லின் கீழ் பாருங்கள். ஸ்பானிய அரச அகாதெமியின் அகராதியில் முடித்தொடர்கள் 'பெலோ'வின் கீழும், பூனைத்தொடர் 'காத்தோ'வின் கீழும் இருக்கும். பழமொழிகளுக்கு செர்வாந்தெஸ் நிறுவனத்தின் பன்மொழிப் பழமொழித் தொகுப்பு இணையத்தில் இலவசமாகக் கிடைக்கிறது. ஒவ்வொன்றும் இன்று பெருவழக்கா, வழக்கொழிந்ததா என்ற குறிப்பும் அதில் உண்டு. பெருவழக்கு என்று குறித்தவற்றிலிருந்து தொடங்குங்கள்.

இவற்றை நீங்களே பேச்சில் கையாள அவசரம் வேண்டாம். பணம் திரும்பக் கேட்பவரிடம் தூங்கும் இறாலைப் பற்றிப் பேசினால், அது உங்கள் மேலாளரிடம்தான் போய் நிற்கும்.