பிரசென்ட்லி என்றால் ‘இப்போது’ என்பது தவறா?

‘பிரசென்ட்லி என்றால் சற்று நேரத்தில் என்றுதான் பொருள், இப்போது என்று எழுதுவது இந்தியர்கள் செய்யும் தவறு என்கிறார்களே, உண்மையா?’ என்று கேட்டிருக்கிறீர்கள்.

தவறே இல்லை. அந்தச் சொல்லுக்கு இரண்டு பொருளும் உண்டு.

பெங்களூரில் சப்போர்ட் வேலைக்குச் சேர்ந்த புதிதில், லண்டன் கிளையன்ட் ஒருவர் ‘ஐ வில் சென்ட் தி ஃபைல் பிரசென்ட்லி’ என்று மெயில் போட்டார். இந்த நிமிஷமே அனுப்புகிறார் என்று நம்பி, நானும் டீம் லீடும் சாப்பிடப் போகாமல் இன்பாக்ஸையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தோம். ஃபைல் வர ஒன்றரை மணி நேரம் ஆனது. பயோடேட்டாவில் ‘பிரசென்ட்லி ஒர்க்கிங்’ என்று எழுதிப் பழகிய எங்களுக்கு அது ‘தற்போது’. அவருக்கு ‘கொஞ்ச நேரத்தில்’.

ஒரு காலத்தில் அதற்கு ‘உடனே’ என்ற பொருளும் இருந்தது. 1611இல் வந்த கிங் ஜேம்ஸ் பைபிளில், மத்தேயு 21:19இல், இயேசு சபித்த அத்திமரம் ‘பிரசென்ட்லி’ பட்டுப்போகிறது. நம் வேதாகமத்தில் அதே இடத்தில் ‘உடனே அத்திமரம் பட்டுப்போயிற்று’ என்று இருக்கும். இங்கே ‘சற்று நேரத்தில்’ என்று படித்தால் அந்த அற்புதமே போய்விடும்.

உடனே என்பது எப்படிச் சற்று நேரமாக நீண்டது? அல்சூரில் நான் டீ குடிக்கும் கடையில் பையன் ‘பந்தே சார்’ என்பான். கன்னடத்தில் அது ‘வந்துவிட்டேன்’. ஆனால் இன்னும் இரண்டு மேசைக்குக் கொடுத்துவிட்டுத்தான் வருவான். நாமும் ‘இதோ வந்துட்டேன்’ என்று சொல்லிவிட்டு அப்புறம்தானே செருப்பைத் தேடுகிறோம்? ஆங்கிலத்தில் ‘சூன்’, ‘அனான்’, ‘பை அண்ட் பை’ மூன்றும் இப்படியே ‘உடனே’யில் தொடங்கித் தளர்ந்தவைதான்.

‘இப்போது’ என்ற பொருளும் பழையது; 15ஆம் நூற்றாண்டிலிருந்தே இருக்கிறது. பிற்பாடு இங்கிலாந்தின் எழுத்து வழக்கில் அது அருகிப்போனது; ஸ்காட்லாந்தில் விடாமல் தொடர்ந்தது. அமெரிக்காவில் இன்று சர்வசாதாரணம். ஆகவே இதை இந்தியர்களின் பிழை என்று ஒதுக்குவது எனக்குக் கொஞ்சமும் சம்மதமில்லை.

வினைச்சொல்லைப் பாருங்கள். ‘ஈஸ்’, ‘ஆர்’ கூட வந்தால் பெரும்பாலும் இப்போது. ‘வில்’ கூட வந்தால் சற்று நேரத்தில். பிரிட்டிஷ்காரர்களுக்கு எழுதும்போது மட்டும் நான் இந்தச் சொல்லைத் தொடுவதில்லை. ‘நவ்’ என்றோ ‘இன் டென் மினிட்ஸ்’ என்றோ எழுதிவிடுவேன்.