ட்யூப் போடுற பிரதர்

வணக்கம் டீச்சர்,

பி.எஸ்ஸி. நர்சிங் முடித்து ஆறு வருடமாக யூராலஜி (சிறுநீர்ப்பாதை) வார்டில் ஸ்டாஃப் நர்ஸாக இருக்கிறேன். மற்ற வார்டுகளில் என் பெயர் யாருக்கும் தெரியாது. 'ட்யூப் போடுற பிரதரைக் கூப்பிடு' என்பார்கள். சிறுநீரை வடிக்கும் கத்தீட்டரைத்தான் ட்யூப் என்கிறார்கள். எம்.எஸ்ஸி. நர்சிங்கில் நெஃப்ரோ-யூராலஜி (சிறுநீரகம், சிறுநீர்ப்பாதை) எடுக்கலாமா என்று யோசிக்கிறேன். இரண்டு வருடச் சம்பளம் போகும், வீட்டில் முணுமுணுக்கிறார்கள். இங்கிலாந்தில் இருக்கும் நண்பன், அங்கே நர்ஸ்களே சிஸ்டோஸ்கோப்பி (மூத்திரப்பைக்குள் கேமரா விட்டுப் பார்ப்பது) செய்கிறார்கள் என்கிறான். நம் ஊரில் இந்தத் துறையில் படிக்க என்ன இருக்கிறது? ட்யூப் போடுவதற்கு மேல் என்ன?

— பெயர் வேண்டாம் டீச்சர்

அன்புள்ள தம்பி,

நண்பர் சொல்வது உண்மைதான். பிரிட்டனில் பயிற்சி பெற்ற நர்ஸ்கள் சிஸ்டோஸ்கோப்பி செய்கிறார்கள். சிலர் பிராஸ்டேட் (ஆண்களுக்கு மூத்திரப்பைக்குக் கீழே உள்ள சுரப்பி) பயாப்சியும், அதாவது சோதனைக்குச் சதைத் துணுக்கும் எடுக்கிறார்கள். பக்கத்தில் ஒருவர் நின்று பார்க்க, எண்ணி எண்ணிச் செய்து, கையெழுத்து வாங்கிய பிறகுதான் தனியாக விடுவார்கள். அதை நம்பி இங்கே எம்.எஸ்ஸி. சேர வேண்டாம். இங்கே அந்தப் பட்டம் வாங்கியவர்களில் நிறையப் பேர் கல்லூரிக்குப் பாடம் நடத்தத்தான் போகிறார்கள். உங்களுக்குப் பாடம் நடத்தப் பிடிக்குமென்றால் தாராளமாகச் சேருங்கள்.

'ட்யூப் போடுவதற்கு மேல் என்ன' என்றீர்களே, அதுதான் என்னைக் குத்தியது.

நான் வேலைக்குச் சேர்ந்த மூன்றாம் வருடம். நைட் ட்யூட்டி, நீர் பிரியாமல் வயிறு உப்பித் துடிக்கும் ஒரு பெரியவர். பிரதர் யாரும் இல்லை, நானே போட்டேன். ட்யூப் உள்ளே போனது, நீர் வரவில்லை. வழுக்கத் தடவிய ஜெல்லி அடைத்திருக்கும் என்று நினைத்து, ட்யூப் நழுவாமல் பிடித்துக்கொள்ளும் நுனி பலூனை ஊதிவிட்டேன். அவர் கத்தியது இன்னும் காதில் இருக்கிறது. ரத்தம். பலூன் மூத்திரப்பைக்குள் போகாமல் வழியிலேயே விரிந்திருந்தது. ஆணுக்கு, வெளிமுனையில் ட்யூப் கிளை பிரியும் இடம் வரை அதை உள்ளே விட்டு, நீர் வந்ததைப் பார்த்த பிறகுதான் ஊத வேண்டும். அந்த வரியைப் பரீட்சையில் எழுதி மார்க்கும் வாங்கியிருந்தேன்! அன்று மேலே இருந்தவர்கள் யாரும் அதைப் பற்றி என்னிடம் ஒரு வார்த்தை பேசவில்லை. திட்டியிருந்தால்கூடப் பாடமாக இருந்திருக்கும்.

சரி, மேலே என்ன இருக்கிறது என்று கேட்டீர்கள். முதுகுத்தண்டு அடிபட்டு, தானாக நீர் கழிக்க முடியாமல் போனவர்களை எடுத்துக்கொள்ளுங்கள். இங்கிலாந்தின் ஸ்டோக் மாண்டவில் மருத்துவமனையில் டாக்டர் லுட்விக் குட்மன், ட்யூபை உள்ளேயே விட்டுவைக்காமல், வேளாவேளைக்குப் போட்டு நீரை வடித்து எடுத்துவிடும் முறையை வளர்த்தார். ஆனால் ஆபரேஷன் தியேட்டர் சுத்தத்தோடு செய்ய வேண்டும். வீட்டில் அது நடக்குமா? 1972-இல் அமெரிக்காவின் மிச்சிகன் பல்கலைக்கழகத்து யூராலஜி டாக்டர் ஜாக் லாப்பிடெஸ் ஒரு கட்டுரை வெளியிட்டார். சோப்புப் போட்டுக் கையைக் கழுவினால் போதும், நோயாளி தானே போட்டுக்கொள்ளலாம் என்றார். மூத்திரப்பை நிரம்பி விரைத்தால் அதன் சுவருக்கு ரத்த ஓட்டம் குறைகிறது, கிருமி பிடிப்பது அதனால்தான், ஆகவே நேரத்துக்குக் காலி செய்வதே முக்கியம் என்பது அவர் வாதம். கேட்டவர்கள் பதறினார்கள். அந்தக் கட்டுரையை எழுதிய நால்வரில் பெட்டி லோ ஒரு நர்ஸ். ஒரு மனிதரை உட்கார வைத்து, கூச்சம் போக்கி, தன் உடம்பில் தானே ட்யூப் போடப் பழக்குவது யார் வேலை என்று நினைக்கிறீர்கள்?

தென்னை மரத்திலிருந்து விழுந்தவர், பைக்கில் அடிபட்ட பையன் என்று உங்கள் வார்டுக்கும் வருவார்கள். 'ஆயுசுக்கும் ட்யூபோட இந்தப் பையைத் தூக்கிக்கிட்டே அலையணுமா?' என்று மனைவியோ அம்மாவோ கேட்பார்கள். பெண் நோயாளி என்றால் உங்கள் சிஸ்டரை விட்டு ஒரு கைக்கண்ணாடியை வைத்துச் சொல்லித்தரச் சொல்லுங்கள். இரண்டு மூன்று நாளாவது பிடிக்கும். பில்லில் இதற்கு ஒரு வரிகூடக் கிடையாது, அதனால்தான் யாரும் செய்வதில்லை என்பது என் சந்தேகம்.

அப்புறம், போட்ட ட்யூபை எடுப்பது. ட்யூப் உள்ளே இருக்கும் ஒவ்வொரு நாளும் நீரில் கிருமி சேரும் வாய்ப்பு 3 முதல் 7 சதவீதம். டாக்டர் ரவுண்ட்ஸில் மறந்துபோகும் ட்யூபை 'சார், இது இன்னும் வேணுமா?' என்று கேட்க ஒரு ஆள் வேண்டும். பிராஸ்டேட் ஆபரேஷனையும் பாருங்கள். ஆபரேஷன் நடக்கும் இடத்தைக் கழுவ கிளைசின் கரைசலை ஓட்டிய காலத்தில், நோயாளி கொட்டாவி விட்டு, வாந்தி எடுத்து, குழம்பிப் பேச ஆரம்பித்தால் ரத்தத்தில் சோடியம் இறங்குகிறதா என்று பயப்படுவோம். இப்போது பல இடங்களில் பைபோலார் மின்கருவியும் லேசரும் வந்து சலைன் (உப்புநீர்) ஓடுகிறது, அந்தப் பயம் குறைந்துவிட்டது. ஆனால் ரத்தக்கட்டி ட்யூபை அடைப்பது மாறவில்லை. உங்கள் தியேட்டரில் எது ஓடுகிறது என்று கேட்டிருக்கிறீர்களா?

ஐரோப்பிய யூராலஜி நர்ஸ்கள் சங்கம் 2000-இல் தொடங்கியது. அவர்களின் கத்தீட்டர் வழிகாட்டிகளை இணையத்தில் தேடி எடுத்துப் படியுங்கள். கூடவே ஒரு நோட்டுப் போடுங்கள்: போட்ட தேதி, ஏன் போட்டது, என்று எடுத்தது. மூன்று மாதம் எழுதிவிட்டு எனக்கு அனுப்புங்கள். எம்.எஸ்ஸி. விண்ணப்பத்தைப் பற்றி அப்போது பேசலாம்.