குடல் அழற்சி நோய் இருந்தால் மனசும் சோர்ந்துபோகுமா?

"அல்சரேட்டிவ் கொலைட்டிஸ் இருக்கிறது, மருந்து ஒழுங்காகப் போடுகிறேன். ஆனாலும் எந்நேரமும் பயம், யாரோடும் பேசப் பிடிக்கவில்லை. இது நோயாலா, என் மனசாலா?" என்று கேட்டிருக்கிறீர்கள்.

எனக்கும் பெருங்குடல் அழன்று புண்ணாகிற அதே நோய்தான், ஏழு வருஷமாக. ஊர் இலங்கை மலையகத்தில் தலவாக்கலைப் பக்கம் ஒரு தேயிலைத் தோட்டம். நோயாலா மனசாலா என்று நானும் பிரித்துப் பிரித்துப் பார்த்தே இரண்டு வருஷத்தை வீணாக்கினேன்.

எங்கள் லயத்தில், அதாவது தோட்டத்து வரிசை வீட்டில், கக்கூஸ் பின்பக்கம், இருபது படி இறங்க வேண்டும். நோய் கிளம்பிய காலத்தில் ராத்திரியில் ஐந்தாறு தடவை டோர்ச்சும் குடையுமாக இறங்குவேன். தாழ்ப்பாள் சத்தத்தில் அம்மா விழித்துக்கொள்வார். அப்போது ஒன்றும் கேட்கமாட்டார். காலையில் வேலைக்குப் பேர் பதியும் பிரட்டுக்குக் கிளம்பும்போது மட்டும், "ராத்திரி ஆறு தடவ போன" என்பார். அந்தக் கணக்கைக் கேட்கக்கூடாது என்றே தாழ்ப்பாளுக்குத் தேங்காயெண்ணெய் போட்டேன். இரத்தம் போனதைக்கூட டொக்டரிடம் சொல்லிவிட்டேன், இந்த வெட்கத்தை யாரிடமும் சொல்லவில்லை.

அப்புறம் பஸ். கண்டியில் கிளினிக் என்றால் முதல் நாள் மத்தியானத்தோடு சாப்பாட்டை நிறுத்திவிடுவேன். ஹட்டன், கினிகத்தேனை, நாவலப்பிட்டி, கம்பளை என்று எங்கெங்கே இறங்கி ஓடலாம் என்பது மனப்பாடம். வேடிக்கை என்னவென்றால், வயிறு அமைதியாக இருந்த மாதங்களிலும் இந்தப் பயம் போகவில்லை. கல்யாண வீடு, திருவிழா எல்லாவற்றுக்கும் ஏதாவது சாக்கு. பார்க்கிறவர்கள் "யாரோ செய்வினை வச்சிட்டாங்க" என்றார்கள். படித்த ஒருவர் "மனசப் போட்டுக் குழப்பித்தான் வயிறு கெட்டுச்சு" என்றார். எனக்கு இரண்டாவதுதான் அதிகம் வலித்தது.

அவர் சொன்னது தப்பு. இது நோய் எதிர்ப்புச் சக்தி குடலையே தாக்குவதால் வரும் அழற்சி, மனசுக் குழப்பத்தில் பிறப்பதல்ல. ஆனால் குடலுக்கும் மூளைக்கும் இடையே போக்குவரத்து உண்டு, அதுவும் இரு பக்கமும். இந்த நோய் உள்ளவர்களில் ஏறக்குறைய மூன்றில் ஒருவருக்குப் பதற்றத்தின் அறிகுறிகளும், நான்கில் ஒருவருக்கு மனச்சோர்வின் அறிகுறிகளும் இருக்கின்றன. நோய் கிளம்பியிருக்கும் நேரத்தில் இன்னும் கூடுதல். ஆக நீங்கள் தனி ஆள் இல்லை.

அழற்சியைக் குறைக்கத் தரும் ஸ்டீரொய்ட் மாத்திரை பிரெட்னிசலோன் போடுகிறீர்களா? அதுவே தூக்கத்தைக் கெடுக்கும், மனநிலையை ஆட்டிவைக்கும். நான் அந்த நாட்களில் தங்கச்சி மேல் எரிந்து எரிந்து விழுந்தேன். அதற்காக நீங்களாக நிறுத்திவிடாதீர்கள், டொக்டர்தான் படிப்படியாகக் குறைக்க வேண்டும். உடம்பில் இரத்தம் குறைந்து சோகை வந்தாலும் எழும்ப முடியாத அசதி வரும், அதையும் பார்க்கச் சொல்லுங்கள்.

எனக்கு விடிந்தது ஒரு சின்னக் கேள்வியில். கிளினிக்கில் புதிதாக வந்த ஒரு டொக்டரம்மா, வயிற்றைப் பற்றி எல்லாம் கேட்டு முடித்து, கொப்பியை மூடிவிட்டு, உடைந்த தமிழில் "தூக்கம் எப்படி?" என்றார். அழுதுவிட்டேன். மனநலக் கிளினிக்குக்கு எழுதிக் கொடுத்தார். மாத்திரை கொஞ்ச காலம். அதோடு ஒரு பயிற்சி: முதல் வாரம் சாப்பிட்டுவிட்டு கொட்டகலை வரை மட்டும் பஸ்ஸில் போய் வா, அடுத்த வாரம் ஹட்டன் வரை. கேட்கச் சிரிப்பாக இருக்கும். கண்டி வரை வயிறு நிறையச் சாப்பிட்டுப் போக எனக்கு நாலு மாதம் பிடித்தது. நோய் இன்னும் இருக்கிறது, பையில் மாற்றிக் கட்ட ஒரு சாரமும் இருக்கிறது.

உங்கள் டொக்டர் கேட்காவிட்டால் நீங்களே சொல்லுங்கள். நேரில் வாய் வராதென்றால் ஒரு துண்டில் எழுதி கிளினிக் கொப்பிக்குள் வைத்து நீட்டுங்கள். உயிரை விட்டுவிடலாம் என்று தோன்றினால் மட்டும் கிளினிக் நாளுக்குக் காத்திருக்க வேண்டாம். வீட்டில் யாரையாவது எழுப்புங்கள், தேசிய மனநல உதவி இலக்கம் 1926.

போன வருஷம் அம்மாவிடம் அந்த எண்ணெய்க் கதையைச் சொன்னேன். "அன்னைக்கே தெரியும்டா, போத்தல்ல எண்ண கொறஞ்சிருந்துச்சு" என்றார்.