இக்னேஷியா 200 தொடங்கிய பின் தலைசுற்றல்: 1எம் எடுக்கலாமா?

வேண்டாம். வீரியத்தைக் கூட்டினால் இது தீராது. அம்மா மறைந்த துயரத்துக்கு, ஒரு விதையிலிருந்து செய்யும் ஹோமியோபதி மருந்தான இக்னேஷியாவைத் தொடங்கிய அன்றே, மனச்சோர்வுக்கான எஸ்சிட்டலோபிராம் 10 மி.கி. மாத்திரையை நிறுத்தியதாக எழுதியிருக்கிறீர்கள். மூன்றாம் நாள் தலைசுற்றல், தலைக்குள் ஷாக் அடிப்பதுபோல் உணர்வு, தூக்கமின்மை. இது ஹோமியோபதியில் சொல்லும் 'மருந்து வேலை செய்யும் அறிகுறி' அல்ல. மாத்திரையைத் திடீரென விட்டதன் விளைவாகவே தெரிகிறது.

200சி என்றால் நூறில் ஒரு பங்காக 200 முறை நீர்த்தது. 12 முறை தாண்டினாலே மூல விதையின் ஒரு மூலக்கூறுகூட மிஞ்சுவது அரிது. 1எம் (1000 முறை) அதைவிட நீர்த்தது. துயரத்தை இது ஆற்றும் என்பதற்கு நம்பகமான சான்றும் இல்லை.

கடைசி மாத்திரை போட்ட தேதியையும் தொல்லை தொடங்கிய தேதியையும் எழுதிப் பாருங்கள். இடைவெளி ஓரிரு நாள் முதல் ஒரு வாரத்துக்குள் என்றால் சந்தேகம் வலுக்கிறது. அந்தத் தாளோடு, மாத்திரை எழுதிய மருத்துவரிடம் இன்றே பேசுங்கள். நிறுத்துவதென்றால் வாரக்கணக்கில் படிப்படியாகக் குறைப்பார்.

நீர்க்காத மூலக் கரைசலான தாய்த்திரவத்தை மட்டும் தொடாதீர்கள். அந்த விதையில் ஸ்டிரிக்னைன் நஞ்சு உண்டு.

உயிரை விடும் எண்ணம் எட்டிப்பார்த்தால் காத்திருக்காதீர்கள்: யாரையாவது துணைக்கு அழைத்துக்கொண்டு உடனே அவசரப் பிரிவுக்குப் போங்கள்.